8% ஹீலியம் என்று அறிவித்த சின்னக் கம்பெனி: ஃப்ளோ டெஸ்ட் வரை பங்கை வைத்திருக்கலாமா?

பங்குப்பித்தன் எழுதியது:

வணக்கம். ஒரு சின்ன ஹீலியம் தேடல் கம்பெனியின் பங்கு கையில் இருக்கிறது. பெயரைப் போட்டால் விவாதம் வேறு பக்கம் ஓடிவிடும், அதனால் விவரம் மட்டும்.

மொத்தம் 76 கோடி பங்குகள், ஒரு பங்கு 5 சென்ட். அதாவது மார்க்கெட் கேப் 3.8 கோடி டாலர். ரொக்கம் 40 லட்சம் டாலர், கடன் இல்லை. 1,050 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டியிருக்கிறார்கள். மேலே மணற்கல், கீழே விரிசல் விட்ட அடித்தளப் பாறை. அறிவிப்பில் இருப்பது: "மட் கேஸில் 8% வரை ஹீலியம், காற்றுத் திருத்தம் செய்யப்பட்டது". மிச்சம் பெரும்பாலும் நைட்ரஜன். ஃப்ளோ டெஸ்ட், அதாவது கிணற்றைத் திறந்து வாயுவை ஓடவிட்டு அளப்பது, இனிமேல்தான், மூன்று மாதத்தில் என்கிறார்கள்.

நிபுணர் அறிக்கையில் ப்ராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ் (இன்னும் கண்டுபிடிக்காத, இருக்கலாம் என்று மதிப்பிட்ட இருப்பு), பெஸ்ட் எஸ்டிமேட் 9 பிசிஎஃப் ஹீலியம், அதாவது 900 கோடி கன அடி. கம்பெனியின் பிரசன்டேஷனில் அதை ஆயிரம் கன அடிக்கு 400 டாலர் என்று பெருக்கி 360 கோடி டாலர் என்று ஒரு ஸ்லைடு. அதை அப்படியே நம்புகிற ஆள் நானில்லை. ஆனால் அதில் நூற்றில் ஒரு பங்கு உண்மையானாலும் இன்றைய விலை சரிதானே என்றும் தோன்றுகிறது.

மூன்று கேள்வி. அந்த 8% எவ்வளவு நம்பகமானது? ஃப்ளோ டெஸ்ட் முடிவு வரும்போது எந்த எண்களைத் தேட வேண்டும்? எல்லாம் நன்றாகவே போனாலும், விற்பனை தொடங்கும்போது என் பங்கில் எவ்வளவு மிஞ்சும்?

---

பாறைச்சீவி எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். 8% என்றால் எதில் 8% என்று கேளுங்கள். மட் கேஸ் என்பது கிணற்றிலிருந்து திரும்பி வரும் ட்ரில்லிங் மட்டைக் கலக்கி, அதிலிருந்து பிரியும் வாயுவை உறிஞ்சி அளப்பது. கலக்கும் பெட்டி மூடியதாக இருக்காது, வெளிக்காற்று தாராளமாகப் புகும். அதனால் கருவிக்குப் போவதில் பெரும்பகுதி காற்றுதான். "காற்றுத் திருத்தம்" என்பது அந்தக் காற்றைக் கணக்கில் கழித்துவிட்டு மிச்சத்தை 100% ஆக்கிக் காட்டுவது.

எண்ணில் பாருங்கள். கருவி நேராக அளந்தது 0.8% ஹீலியம், 18.9% ஆக்சிஜன் என்று வைப்போம். காற்றில் ஆக்சிஜன் 20.95%. ஆக, மாதிரியில் 90% காற்று. மிச்சமுள்ள 10%-இல் 0.8 என்றால் 8%. கணக்கு சரி. ஆனால் ஆக்சிஜன் அளவீடு 0.4 புள்ளி தவறினால் காற்றின் பங்கு 88 முதல் 92% வரை நகரும், திருத்திய ஹீலியம் 6.7% முதல் 10% வரை ஆடும். போதாததற்கு மட்டில் இருக்கும் இரும்பும் சல்ஃபைடும் கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆர்கானை வைத்துத் திருத்தினால் இந்தக் குழப்பம் குறைவு, காற்றில் அது 0.93% நிலையாக இருக்கிறது. எந்த வாயுவை வைத்துத் திருத்தினார்கள், திருத்தும் முன் எவ்வளவு என்று அறிவிப்பில் இல்லையென்றால், துல்லியமான ஒரே எண்ணாக அதை மனதில் வைக்காதீர்கள். "காற்றில் உள்ள 5.2 பிபிஎம்மைவிடப் பல மடங்கு ஹீலியம் இருக்கிறது" என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே நல்ல செய்திதான்.

கருவி என்ன என்பதும் முக்கியம். வழக்கமான கேஸ் குரோமட்டோகிராஃப்களில் பல, ஹீலியத்தையே கேரியர் வாயுவாக (மாதிரியைக் கருவிக்குள் தள்ளிச் செல்லும் வாயு) ஓட்டுபவை. அவற்றால் ஹீலியத்தை அளக்க முடியாது. ஆர்கான் கேரியர் போட்டிருக்க வேண்டும், அல்லது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்க வேண்டும். மாதிரியை எதில் பிடித்தார்கள் என்பதும் அப்படியே. பிளாஸ்டிக் பையில் பிடித்து இரண்டு வாரம் கழித்து லேபுக்குப் போனால் ஹீலியம் கசிந்து போயிருக்கும். உலோக வால்வு உள்ள ஸ்டீல் சிலிண்டர் அல்லது நசுக்கி மூடிய செப்புக் குழாய்தான் சரி.

இன்னொரு சிக்கல் பெரியது. அந்த வாயு தனி வாயுவாக இருக்கிறதா, நிலத்தடி நீரில் கரைந்து இருக்கிறதா? யுரேனியமும் தோரியமும் சிதைந்து வரும் ஹீலியம் பழைய நீரில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேரும். கிணறு தோண்டியதும் அழுத்தம் குறைந்து, சோடா பாட்டில் திறந்தாற்போல வாயு பிரியும். பிரியும் வாயுவில் ஹீலியம் சதவீதம் அட்டகாசமாக இருக்கலாம். ஆனால் நைட்ரஜன் மிகுந்த வாயு 100 பார் அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் நீரில் இரண்டு கன மீட்டர்கூடக் கரையாது. ஒரு நாளைக்கு 30 லட்சம் கன அடி வாயு வேண்டுமென்றால், அது சுமார் 85,000 கன மீட்டர், குறைந்தது 42,000 கன மீட்டர் நீரை இறைத்து, அந்த உப்புநீரைத் திரும்பவும் எங்காவது செலுத்த வேண்டும். ஒரு கிணற்றால் ஆகிற காரியம் இல்லை. மட் கேஸ் எண்ணை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. வயர்லைன் லாக்கில் (கிணற்றுக்குள் கம்பியில் கருவி இறக்கி எடுக்கும் பதிவு) நியூட்ரான், டென்சிட்டி கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிடுவது, வெவ்வேறு ஆழத்தில் அளந்த அழுத்தப் புள்ளிகளின் சரிவு, கிணற்றடி மாதிரி ஆகியவைதான் சொல்லும். உங்கள் கம்பெனி அழுத்தப் புள்ளிகளை வெளியிட்டதா? ஆழத்துக்கு எதிராகப் போட்ட கோட்டின் சரிவு ஒரு மீட்டருக்கு 0.1 பார் என்றால் அது நீர். அதில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால்தான் வாயு.

---

பங்குப்பித்தன் எழுதியது:

அழுத்தப் புள்ளிகள் வெளியிடவில்லை. லாக் "ஊக்கமளிக்கிறது" என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் 8% என்பது உலகத்தரத்தில் மிக உயர்ந்தது என்று ஸ்லைடு சொல்கிறதே, அதுவாவது உண்மையா?

---

பாறைச்சீவி எழுதியது:

உண்மை. உண்மைதான், ஆனால் சதவீதத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கத்தாரின் நார்த் ஃபீல்டில் ஹீலியம் 0.04% அளவில்தான். உலக உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அங்கிருந்து வருகிறது, ஏனென்றால் எல்என்ஜி, அதாவது திரவ இயற்கை எரிவாயு, ஆக்கும்போது மற்றதெல்லாம் திரவமாகி ஹீலியம் தானாக மிஞ்சுகிறது. அமெரிக்காவின் வயோமிங்கில் லாபார்ஜ் வயலில் 0.6% மட்டுமே, மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு. இருந்தும் பல ஆண்டுகளாக உலகின் பெரிய ஹீலியம் மூலங்களில் ஒன்று.

மறுபக்கம் பாருங்கள். அரிசோனாவின் பின்டா டோம் பகுதியில் 8 முதல் 10% ஹீலியம், மிச்சம் நைட்ரஜன். உங்கள் கம்பெனி கனவு காணும் வாயு அப்படியே அதுதான். 1961 முதல் 1976 வரை அங்கும் பக்கத்து வயல்களிலும் சேர்த்து எடுத்த மொத்த ஹீலியம் சுமார் 0.7 பிசிஎஃப். உங்கள் ஸ்லைடில் 9 பிசிஎஃப். அதாவது உலகின் மிகச் செறிவான வயல்களில் ஒன்று பதினைந்து ஆண்டில் கொடுத்ததைப் போலப் பதின்மூன்று மடங்கு, ஒரு வாயுக்குமிழிகூட அளந்து வெளிவராத இடத்தில். அந்த எண்ணுக்கான பரப்பளவு எங்கிருந்து வந்தது என்று அறிக்கையின் பின்னிணைப்பைப் பாருங்கள். ஒரு கிணறும் நாலு நில அதிர்வுக் கோடுகளும் இருந்தால், பரப்பளவு பெரும்பாலும் வரைபடத்தில் பென்சில் போன போக்குதான்.

சமீபத்திய உதாரணங்களும் இருக்கின்றன. மினசோட்டாவில் 2011-இல் நிக்கல் தேடித் தோண்டியபோது எதேச்சையாக 10%-க்கு மேல் ஹீலியம் வந்தது, 2024-இல் பக்கத்திலேயே தோண்டிய ஜெட்ஸ்ட்ரீம் கிணறு அதை உறுதி செய்தது. தான்சானியாவின் ருக்வா படுகையில் இட்டும்புலா வெஸ்ட்-1 கிணற்றை 2024-இல் நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்ததில் 5.5% வந்தது. இரண்டு இடத்திலும் செறிவு பிரமாதம். பேச்செல்லாம் அடுத்த கேள்வியைப் பற்றித்தான்: எவ்வளவு, எத்தனை நாள்?

---

எண்ணும் எழுத்தும் எழுதியது:

9 பிசிஎஃப்-ஐ நீங்களே பரிசோதிக்கலாம், ஐந்து நிமிட வேலை.

பரப்பு 5 சதுர கிலோமீட்டர், வாயு நிற்கும் தடிமன் 10 மீட்டர், துளைமை 12%, துளைகளில் வாயுவின் பங்கு 60%. பெருக்கினால் பாறைக்குள் 36 லட்சம் கன மீட்டர் வாயு இடம். 1,000 மீட்டர் ஆழம், 100 பார், 40 டிகிரி என்றால் மேலே வரும்போது சுமார் 90 மடங்கு விரியும். ஆக 32.4 கோடி கன மீட்டர் கச்சா வாயு. இதில் 2% ஹீலியம் என்றால் 65 லட்சம் கன மீட்டர். 60% எடுக்க முடியும் என்றால் 39 லட்சம் கன மீட்டர், அதாவது 13.7 கோடி கன அடி. 0.14 பிசிஎஃப். ஆயிரம் கன அடிக்கு 300 டாலர் கிடைத்தால் வயலின் மொத்த ஆயுளுக்கும் சேர்த்து 4.1 கோடி டாலர் வருமானம். லாபம் அல்ல, வருமானம்.

உங்கள் 8%-ஐயே போடுங்கள், நாலு மடங்கு, 0.55 பிசிஎஃப். 9 பிசிஎஃப் வர வேண்டுமென்றால் இதே தடிமனில் 80 சதுர கிலோமீட்டருக்கு மேல் வேண்டும், எல்லா இடத்திலும் 8% இருக்க வேண்டும், மூடுபாறை எங்கும் ஓட்டையில்லாமல் இருக்க வேண்டும். ஹீலியம் அணு மிகச் சிறியது, சாதாரண ஷேல் (களிப்பாறை) மூடி மீத்தேனைத் தாங்குமளவுக்கு இதைத் தாங்காது. உப்பு, அன்ஹைட்ரைட் அடுக்கு இருந்தால் நம்பிக்கை அதிகம். உங்கள் கிணற்றில் மேலே என்ன மூடி என்று சொல்லவில்லையே?

ஆழம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். அதே பரப்பு, அதே தடிமன், அதே 2%, ஆனால் 300 மீட்டர் ஆழத்தில் 20 பார் அழுத்தம்தான் என்றால் 90 மடங்கு 19 மடங்காகிவிடும். வாழ்நாள் வருமானம் 87 லட்சம் டாலர். அதில் பிளான்ட் கட்ட முடியாது. "ஆழம் குறைவு, தோண்டும் செலவு மலிவு" என்று ஸ்லைடில் பார்க்கும்போதெல்லாம் அழுத்தம் எவ்வளவு என்று தேடுவது நல்லது.

ரிசோர்ஸ் வகைகளைக் குழப்பாதீர்கள். ப்ராஸ்பெக்டிவ் என்றால் கண்டுபிடிக்காதது. கன்டின்ஜென்ட் என்றால் கண்டுபிடித்தது, ஆனால் வணிகமாகுமா தெரியாது. ரிசர்வ் என்றால் இன்றைய நிலையில் லாபமாக எடுக்கக் கூடியது. ப்ராஸ்பெக்டிவ்வைச் சொல்லும்போது பக்கத்தில் வெற்றி வாய்ப்பு என்று ஒரு எண் இருக்க வேண்டும். மூலப்பாறை, நகர்வு, தேக்கப்பாறை, மூடி என்று நாலுக்கும் தனித்தனி வாய்ப்பு போட்டுப் பெருக்குவது. நாலும் 0.7 என்று தாராளமாகக் கொடுத்தாலும் விடை 0.24. நீங்கள் சொன்ன "நூற்றில் ஒரு பங்கு" வாதத்தின் ஓட்டை இங்கேதான். நூற்றில் ஒரு பங்கு என்றால் 0.09 பிசிஎஃப் கொண்ட குட்டி வயல். அதற்கு பிளான்டே வராது, அப்போது மதிப்பு 3.6 கோடி இல்லை, பூஜ்யம்.

---

வால்வுமேன் எழுதியது:

ஃப்ளோ டெஸ்ட் கேள்விக்கு வரேன். அறிவிப்பு வந்ததும் தலைப்பைப் படிக்காதீங்க, இந்த எண்கள் இருக்கான்னு பாருங்க: எத்தனை மணி நேரம் ஓடுச்சு, சோக் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தற துவாரம்) அளவு என்ன, அந்த சோக்கில் கிணற்றுத் தலை அழுத்தம் எவ்வளவு, அது நிலையா நின்னுச்சா இறங்கிக்கிட்டே இருந்துச்சா, ஒரு நாளைக்கு எவ்வளவு வாயு, எவ்வளவு தண்ணி. இதெல்லாம் இல்லாம "கட்டுப்பாடில்லாமல் திறந்தபோது உச்ச ஓட்டம் இவ்வளவு"ன்னு மட்டும் போட்டா, முதல் பத்து நிமிஷம் கிணற்றுக்குள்ள தேங்கியிருந்தது வெளியே வந்ததைத்தான் சொல்றாங்க.

ஓட்டத்தைவிட அதுக்கப்புறம் வர பில்ட்-அப் முக்கியம். கிணற்றை மூடி, கீழே அழுத்தமானி வச்சு, ஓட்டின நேரத்தைப் போல ரெண்டு மூணு மடங்கு நேரம் காத்திருக்கணும். ஆரம்ப அழுத்தம் 100 பார். மூணு நாள் ஓட்டி, ஒரு வாரம் மூடி வச்சும் 96 பார்தான் திரும்புதுன்னு வைங்க. பாறை இறுக்கமா இருக்கறதால மெதுவா ஏறுதா, இல்ல வாயு தீர்ந்துபோச்சான்னு வளைவைப் பார்த்துச் சொல்லிடலாம். தீர்ந்துபோனதுதான்னா, மூணு நாள்ல மொத்த இருப்பில் 4% போயாச்சுன்னு அர்த்தம். ரெண்டரை மாசத்துல கதை முடிஞ்சுது. விரிசல் விட்ட அடித்தளப் பாறையில இது அடிக்கடி நடக்கும். விரிசல் நல்லா ஓடும், ஆனா அதில் இருப்பு கம்மி.

மாதிரியைக் கெடுக்கிற வழிகளும் இருக்கு. கிணறு தானா ஓடலைன்னா நைட்ரஜனை உள்ளே அடிச்சுத் தண்ணியைத் தூக்குவாங்க. உங்க வாயுவே நைட்ரஜன்தான். இப்ப மேலே வர நைட்ரஜன் யாருது? ஹீலியம் சதவீதம் தப்பா குறைஞ்சு தெரியும், ஓட்டம் தப்பா கூடித் தெரியும். அமிலம் ஊத்திக் கழுவினா, பாறையில சுண்ணாம்பு இருந்தா, கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். ஃபோம் இல்லன்னா காற்று வச்சுத் தோண்டியிருந்தா பாறைக்குள்ள காற்று போயிருக்கும். ஓட்ட ஓட்ட சதவீதம் ஒரே எண்ணில் வந்து நிக்கணும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாதிரி எடுத்து, அடுத்தடுத்து நாலு மாதிரி ஒத்துப்போனா அந்த எண்ணை நம்பலாம்.

கடைசியா ரெண்டு எண்ணையும் பெருக்குங்க. நாளைக்கு 30 லட்சம் கன அடி ஓடி 1% ஹீலியம்னா 30,000 கன அடி ஹீலியம். நாளைக்கு 2 லட்சம் கன அடி ஓடி 8%னா 16,000. ரெண்டாவதுக்குத்தான் பங்கு எகிறும், முதலாவதுதான் நல்ல கிணறு. வருஷம் 330 நாள், 300 டாலர்னா முதலாவது கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர், ரெண்டாவது 16 லட்சம்.

---

மூடிதிற எழுதியது:

எல்லாரும் சேர்ந்து ஆளைப் பயமுறுத்திவிட்டீர்கள். கனடாவின் சஸ்காட்சுவானில் 1% சுற்றிய ஹீலியம், மிச்சம் முழுக்க நைட்ரஜன். 1963 முதல் 1977 வரை எடுத்தார்கள், இப்போது மறுபடியும் பிளான்ட் கட்டி விற்கிறார்கள். ஹீலியத்துக்காகவே தோண்டி, ஹீலியத்தை மட்டும் விற்று. ஆக இது நடக்காத காரியம் இல்லை. ஹீலியத்தைச் சுமந்து வரும் வாயு நைட்ரஜன் என்பதே பெரிய வரம். பிரித்தெடுத்துவிட்டு நைட்ரஜனைக் காற்றில் விட்டுவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எம்ஆர்ஐ, சிப் தொழிற்சாலை, ஃபைபர், ராக்கெட் என்று தேவை குறையப் போவதுமில்லை. 2017-இல் கத்தாருக்குப் பக்கத்து நாடுகள் எல்லையை மூடியபோது ராஸ் லஃபான் ஹீலியம் ஆலைகள் நின்றன. ரஷ்யாவின் அமுர் ஆலையில் 2021 அக்டோபரில் தீ, 2022 ஜனவரியில் வெடிப்பு. மூலங்கள் இவ்வளவு குறைவாக இருக்கும் பொருளுக்கு, பாதுகாப்பான நாட்டில் ஒரு சின்னக் கிணறுக்கும் மதிப்பு உண்டு.

---

வால்வுமேன் எழுதியது:

நடக்காதுன்னு யாரும் சொல்லலை. சஸ்காட்சுவான்ல அது நடக்குதுன்னா ஆழமும் அழுத்தமும் இருக்கறதால. பல கிணறு போட்டு ஒரே மாதிரி பிளான்ட்டை அடுத்தடுத்து வச்சாங்க. ஒரே கிணற்றை நம்பலை.

நைட்ரஜன் வரம்னு சொன்னது சரி. ஆனா பிளான்ட் அவ்வளவு சுலபமில்ல. முதல்ல தண்ணியை எடுக்கணும், கார்பன் டை ஆக்சைடு இருந்தா அதைப் பிடிக்க அமீன் கரைசல். அப்புறம் மெம்பிரேன் (வாயுவைப் பிரிக்கற சவ்வு) இல்லன்னா பிஎஸ்ஏ (அழுத்தத்தை ஏத்தி இறக்கி மத்த வாயுவை உறிஞ்சற படுக்கை), பெரும்பாலும் ரெண்டும். மெம்பிரேன்ல ஒரு சுற்று போனா 1% ஹீலியம் பத்து இருபது சதவீதமாகும், மறுசுற்று, அப்புறம் பிஎஸ்ஏ படுக்கைகள்ல 99.995%. ஒவ்வொரு சுற்றுக்கும் கம்ப்ரஸர். கிணற்றுத் தலையில 3 பார்தான்னா 20 பாருக்கு மேல ஏத்தற கரன்ட் செலவே லாபத்தைத் தின்னுடும். ஈரம் தாண்டி வந்தா அட்ஸார்பன்ட் (படுக்கையில இருக்கற உறிஞ்சற பொருள்) போச்சு, படுக்கையையே மாத்தணும். அடித்தளப் பாறை வாயுவில ஹைட்ரஜன் கலந்து வரும். ஹீலியம் கூடவே அதுவும் மெம்பிரேனைத் தாண்டிப் போகும். கேட்டலிஸ்ட்ல கொஞ்சம் ஆக்சிஜன் விட்டுத் தண்ணியாக்கி எடுக்கணும். அது பிளான்ட் டிசைன்ல ஆரம்பத்துலேயே இல்லன்னா பின்னாடி சேர்க்க ஆறு மாசம். அதனால முழு வாயுப் பட்டியல் கேளுங்க, ஹீலியம் மட்டுமில்ல.

கிணறு வருஷத்துக்கு 30% இறங்கினா மூணாவது வருஷம் பிளான்ட் பாதி சுமைக்குக் கீழே ஓடும். கம்ப்ரஸர் அதே வாயுவைச் சுத்திச் சுத்தி அடிச்சுக்கிட்டிருக்கும்.

எடுத்ததை எப்படி அனுப்பறீங்க? வாயுவா அனுப்பினா ட்யூப் டிரெய்லர், ஒண்ணுக்கு ஒன்றரை லட்சம் கன அடி அளவு. நாளைக்கு 30,000 கன அடின்னா அஞ்சு நாளைக்கு ஒரு லாரி. லாரி எடையில பெரும்பகுதி இரும்புதான், அதனால சில நூறு கிலோமீட்டருக்கு மேல போனா வாடகை கட்டுபடியாகாது. திரவமாக்கினா ஐஎஸ்ஓ கன்டெய்னர்ல 10 லட்சம் கன அடி வரும், கடல் தாண்டியும் போகலாம். ஆனா 4.2 கெல்வினுக்குக் குளிரவைக்கணும். அந்த லிக்விஃபையர் சின்ன வயலுக்குத் தாங்காது. கோல்ட் பாக்ஸ் (குளிரவைக்கற கருவிகளை மூடின பெட்டி) வேக்குவம் ஒரு இடத்துல கசிஞ்சாலும் மொத்தத்தையும் சூடாக்கி, கசிவைத் தேடி, மறுபடி குளிரவைக்க மாசக்கணக்கு. கம்பெனி அட்டவணையில அந்தக் கமிஷனிங் ரெண்டு மாசம்னு போட்டிருந்தா சிரிச்சுட்டு ரெண்டாலயோ மூணாலயோ பெருக்கிக்கங்க.

---

எண்ணும் எழுத்தும் எழுதியது:

விலையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஹீலியத்துக்குச் சந்தை விலை என்று ஒரு பலகை கிடையாது. லிண்டே, ஏர் லிக்விட், ஏர் ப்ராடக்ட்ஸ், மெஸ்ஸர் போன்ற ஒரு சில கம்பெனிகள்தான் வாங்குகின்றன, பெரும்பாலும் நீண்டகால ஒப்பந்தத்தில். வெளியே தெரிந்த விலைகளில் பேர் பெற்றது அமெரிக்க அரசு முன்பு நடத்திய கச்சா ஹீலியம் ஏலம். 2017-இல் ஆயிரம் கன அடிக்கு சராசரி 119 டாலர், 2018-இல் 279. ஒரே ஆண்டில் இப்படி ஏறும் பொருள் இறங்கவும் செய்யும். பற்றாக்குறை காலத்தில் கடைசி வாடிக்கையாளர் கொடுத்த விலையை எடுத்துக் கிணற்றடி வாயுவோடு பெருக்குவது இந்தத் துறையின் பழைய தந்திரம். நடுவில் சுத்திகரிப்பு, லாரி, விநியோகஸ்தர் லாபம் எல்லாம் இருக்கிறது. 400 போட்ட இடத்தில் 200 போட்டும் பாருங்கள். அப்போதும் திட்டம் நிற்கிறதென்றால் அது திட்டம்.

இன்னொன்று. கத்தாருக்கும் அமுருக்கும் ஹீலியம் உபபொருள். விலை பாதியானாலும் அவர்கள் எடுப்பதை நிறுத்தப் போவதில்லை. உங்கள் கம்பெனிக்கு அதுவே முழு வருமானம். மூடிதிற சொன்ன தீ, முற்றுகை எல்லாம் உண்மை. ஆனால் அவை விலையைச் சில மாதங்கள் தூக்குகின்றன, உங்கள் கம்பெனி விற்பனைக்கு வர இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

---

நீர்த்துப்போனபங்கு எழுதியது:

மூன்றாவது கேள்வி என் வட்டாரம். எல்லாம் நன்றாகப் போகிறது என்றே வைத்துக் கணக்குப் போடுவோம்.

ரொக்கம் 40 லட்சம். அலுவலகம், சம்பளம், லைசென்ஸ் கட்டணம் ஆண்டுக்கு 15 லட்சம் போகும். டெஸ்டுக்கு 25 லட்சம் என்றால் ஒரே ஆண்டில் கஜானா காலி. அதனால் டெஸ்டுக்கு முன்போ, முடிவு வந்த மறுநாளோ பிளேசிங், அதாவது பெரிய முதலீட்டாளர்களுக்குப் புதுப் பங்கு விற்பது, நிச்சயம். சந்தை விலை 5 சென்ட் என்றால் 20% தள்ளுபடியில் 4 சென்ட். 80 லட்சம் டாலருக்கு 20 கோடி புதுப் பங்கு. கூடவே இரண்டு பங்குக்கு ஒரு வாரன்ட் (குறித்த விலையில் புதுப் பங்கு வாங்கும் உரிமை), 6 சென்ட் விலையில், 10 கோடி. உங்கள் பங்கு முன்பு 100 என்றால் இப்போது 79, வாரன்ட் எல்லாம் பயன்பட்டால் 72. வாரன்ட் இருக்கும்வரை பங்கு 6 சென்ட்டைத் தாண்டத் திணறும். தாண்டினால் வாரன்ட்காரர்கள் மாற்றி விற்றுவிடுவார்கள். ஒவ்வொரு நல்ல செய்திக்கும் விலை ஏறி அதே இடத்தில் தலை இடிப்பதைப் பார்த்து "யாரோ அமுக்குகிறார்கள்" என்று எழுதுவார்கள். யாரும் அமுக்கவில்லை, அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது.

அடுத்து பிளான்ட். 3 கோடி டாலர் என்று வைப்போம். அதைப் பங்கு விற்றே திரட்டினால், 3 சென்ட் விலையில் 100 கோடி பங்கு. மொத்தம் 206 கோடி ஆகிறது. உங்கள் 100 இப்போது 37. கடனாக வாங்கினால் பங்கு பிழைக்கும், ஆனால் வங்கி முதலில் விற்பனை ஒப்பந்தம் கேட்கும். வாங்குபவரோ முதலில் நீண்ட டெஸ்ட் கேட்பார். நடுவில் மாட்டிக்கொண்டு பங்காக மாற்றத்தக்கக் கடன் பத்திரம் விற்றுப் பணம் வாங்கும் கம்பெனிகள் உண்டு. அதில் மாற்று விலை "முந்தைய பத்து நாளின் குறைந்த விலையில் 90%" என்ற வகையில் இருந்தால் அந்தப் பங்கை விட்டு உடனே இறங்கிவிடுங்கள். விலை இறங்க இறங்க அதிகப் பங்கு கிடைக்கும் ஆளுக்கு விலை ஏறுவதில் என்ன அக்கறை?

நிலமும் சட்டமும் பார்த்தீர்களா? தான்சானியாவில் சுரங்க உரிமம் எடுத்தால் குறைந்தது 16% அரசுக்கு இலவசப் பங்கு, செலவில் சேராது. சில இடங்களில் ஹீலியம் பெட்ரோலியச் சட்டத்தில் வராது, கனிமச் சட்டத்தில் வரும், அல்லது எதிலும் வராது. மினசோட்டாவில் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான், 2024-இல், சட்டமே எழுத ஆரம்பித்தார்கள். தேடல் உரிமத்திலிருந்து உற்பத்தி உரிமம் தானாக வராத நாடும் உண்டு.

டெஸ்ட் வரை வைத்திருப்பதா என்றால் என் கருத்து இது: பாதியை விற்றுவிடுங்கள். பிளேசிங் வந்தால் அதே பங்கு தள்ளுபடியில் கிடைக்கும். டெஸ்ட் பொய்த்தால் பாதி நஷ்டம் மிச்சம். டெஸ்ட் பிரமாதமாக வந்தாலும் கன்டின்ஜென்ட் ரிசோர்ஸ் அறிக்கை, வாங்கும் ஒப்பந்தம், பிளான்ட் நிதி என்று மூன்று கட்டம் பாக்கி. ஒவ்வொன்றிலும் மறுபடி வாங்கி ஏறுவதற்கு இடம் கிடைக்கும்.

---

பங்குப்பித்தன் எழுதியது:

நிபுணர் அறிக்கையின் பின்னிணைப்பைத் தேடிப் பார்த்தேன். பெஸ்ட் எஸ்டிமேட்டுக்குப் பரப்பு 64 சதுர கிலோமீட்டர், தடிமன் 18 மீட்டர், ஹீலியம் 6%. வெற்றி வாய்ப்பு 19% என்று ஒரு அடிக்குறிப்பு. மூடி ஷேல்தான், உப்பு இல்லை. ஏற்கெனவே 4.2 கோடி வாரன்ட் நிலுவையில் இருக்கிறது, 5.5 சென்ட்டில். இதை நான் பார்க்கவே இல்லை. பாதி விற்கிறேன். அழுத்தப் புள்ளிகளையும் திருத்தாத வாயு எண்களையும் கேட்டு முதலீட்டாளர் தொடர்புக்கு மெயில் போட்டிருக்கிறேன்.

---

எண்ணும் எழுத்தும் எழுதியது:

பதில் வந்தால் இங்கே போடுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். பதிலில் வரும் அலகுகளைக் கவனியுங்கள். எம்சிஎஃப் என்றால் ஆயிரம் கன அடி, எம்எம்சிஎஃப் என்றால் பத்து லட்சம். பலர் எம் என்பதை மில்லியன் என்று படித்து ஆயிரம் மடங்கு ஏமாறுகிறார்கள். கச்சா வாயுவின் பிசிஎஃப்-ஐயும் ஹீலியத்தின் பிசிஎஃப்-ஐயும் ஒரே வரியில் போட்டுக் குழப்புவதும் நடக்கும்.

---

வால்வுமேன் எழுதியது:

அதோட ஒண்ணு. எண்ணெய்த் துறையில கன அடியை 60 டிகிரி ஃபாரன்ஹீட்ல அளப்பாங்க, தொழில்துறை வாயு விக்கறவங்க 70-ல. ஒரே ஹீலியம் ரெண்டாவது கணக்குல 1.9% கூடுதலாத் தெரியும். ஒப்பந்தத்துல எந்த டிகிரின்னு பாருங்க. நூறு லாரிக்கு ரெண்டு லாரி அதுலயே போகும்.